அட்டையின் மறுபக்கம்

டலூத், மினசோட்டா
அக்டோபர் 4, 2017

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

மில்டன் எழுதுகிறேன். இன்று காலை என் ரத்த அழுத்தம் நூற்று முப்பத்தாறு. ஏரி அமைதியாக இருக்கிறது. மேப்பிள் இலைகளை மூன்று குவியலாகக் கூட்டி வைத்திருக்கிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் உனக்குக் காது கேட்பதில்லை, எனக்கு வாய் வருவதில்லை.

ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். நம் நூலகத்தில் இருக்கிற டொரீன், புதிதாக இந்த நாட்டில் குடியேறியவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கச் சொன்னாள். முடியாது என்றேன். மறுநாளும் கேட்டாள். எனக்குத் தகுதி இல்லை என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டாள். மூன்றாவது தடவை கேட்ட பிறகும் மறுப்பதற்கு நம் வீட்டில் யாரும் பழகவில்லையே.

நேற்று முதல் வகுப்பு. எட்டுப் பேர் வந்தார்கள். வினைச்சொற்களின் காலங்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை. இலக்கணம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. அவர்களைக் குழப்புவது வேறு. அப்தி என்று ஒருவர், சோமாலியாக்காரர், பேக்கரியில் வேலை. எழுந்து நின்று கேட்டார்:

"சார், எங்க முதலாளி நான் சுட்ட பஃப்ஸைப் பிச்சுப் பாத்து 'ஃப்ளேக்கி'ன்னாரு, முதுகுல தட்டிக் குடுத்தாரு. அன்னைக்கே லேட்டா வந்த ஒருத்தனைப் பாத்தும் 'ஃப்ளேக்கி'ன்னாரு. அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பஃப்ஸுக்கு நல்ல குணம், மனுஷனுக்குக் கெட்ட குணமா?"

இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். பெயர் லமாரா. ஜார்ஜியா நாட்டுக்காரர், கணவர் இல்லை, மகன் வீட்டில் இருக்கிறார்.

"என் பேரன் எல்லாத்துக்கும் 'கூல்'ங்கறான். கொதிக்கக் கொதிக்க சூப் குடுத்தாலும் 'கூல்'ங்கறான். நாக்குல ஏதாவது கோளாறான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சொற்களின் முதல் அர்த்தம் அகராதியில் இருக்கிறது. இரண்டாவது அர்த்தம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முப்பத்தெட்டு வருடம் மாவட்ட நிலப் பதிவு அலுவலகத்தில் பத்திரங்களைப் படித்தவன் நான். எந்தப் பத்திரத்திலும் யாரும் 'கூல்' என்று எழுதவில்லை. நீ முப்பது வருடம் அழகு நிலையம் நடத்தியவள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசாத பேச்சா?

ஆறு சொற்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது அர்த்தம் என்ன, யார் முன்னால் சொல்லக்கூடாது, இரண்டையும் தெரிவி.

இன்னொன்று. இங்கே வந்து சில நாள் இருக்கும்படி போன வருடம் ஒரு தடவை, இந்த ஜூனில் ஒரு தடவை உன்னைக் கேட்டேன். முட்டி வலி என்றாய். நியாயம்தான். இனி அதைக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

உன் தம்பி,
மில்டன்

*

டூஸான், அரிசோனா
அக்டோபர் 13, 2017

தம்பி மில்டனுக்கு,

முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது, அதை விடு. இங்கே இன்னும் வெயில். பக்கத்து வீட்டுக்காரி நீச்சல் உடையில் தபால் எடுக்க வருகிறாள்.

நீ வாத்தியார் ஆனதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சின்ன வயதில் கடைக்குப் போய் உப்பு வாங்க வெட்கப்பட்டு, உப்பு தீர்ந்துவிட்டதாம் என்று பொய் சொல்லித் திரும்பி வந்தவன் நீ.

சரி, உன் சொற்கள். ஃப்ளேக்கி: அடுக்கடுக்காக உதிர்வது. ஆள் என்றால், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன். சீஸி: சீஸ் நிறைய உள்ளது. பேச்சோ படமோ என்றால், அசட்டுத்தனமாக உருகுவது. ஸால்ட்டி: உப்புக் கரிப்பது. ஆள் என்றால், எதற்கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர். ஷேடி: நிழலானது. ஆளோ வியாபாரமோ என்றால், பின்னால் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. ரஸ்டி: துருப்பிடித்தது. ஆள் என்றால், பழக்கம் விட்டுப்போனவர். கூல் பற்றி அந்த அம்மாளிடம் சொல்: பேரனுக்கு சூப் பிடித்திருக்கிறது, டாக்டர் வேண்டாம்.

யார் முன்னால் சொல்லக்கூடாது என்று கேட்டிருக்கிறாய். யாரைப் பற்றிச் சொல்கிறாயோ அவர் முன்னால். அவ்வளவுதான் விதி.

டொரீன் மூன்று தடவை கேட்டாள் என்று எழுதியதும் பழைய ஞாபகம் வந்தது. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், என் மாமியார், வெர்னின் அம்மா, கறித்தட்டை நீட்டி "வேணுமா?" என்றாள். "வேண்டாம்" என்றேன், நம் ஊர் வழக்கப்படி. தட்டு போயே போய்விட்டது. இரண்டாவது தடவையே கிடையாது, மூன்றாவதுக்கு எங்கே போவது. நான்கு நாள் அரைப் பட்டினி கிடந்து, ஐந்தாவது நாள் "வேணும்" என்று சொல்லக் கற்றேன்.

என் பழைய கம்பளிக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துச் சலவைக்குப் போட்டேன். சும்மாதான். பூச்சி அரித்துவிடக் கூடாதே.

இனிக் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரி.

ஆர்லிஸ்

*

டலூத்
நவம்பர் 8, 2017

அன்புள்ள அக்காவுக்கு,

ரத்த அழுத்தம் நூற்று நாற்பத்திரண்டு. கூடியதற்குக் காரணம் கீழே வருகிறது. முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. உன் கடிதத்துக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உன் விளக்கங்களை வைத்து அட்டைகள் செய்தேன். முன்பக்கம் முதல் அர்த்தம், கறுப்பு மை. பின்பக்கம் இரண்டாவது அர்த்தம், பச்சை மை. சிவப்பு போடலாமா என்று யோசித்தேன், சிவப்பு தவறைக் காட்டுவது போலிருக்கும் என்று விட்டுவிட்டேன். அட்டையைத் தூக்கிக் காட்டுவேன், அவர்கள் ஆளுக்கொரு வாக்கியம் சொல்வார்கள். வகுப்பில் இப்போது சத்தம் அதிகம். படிப்பறையிலிருந்து இரண்டு தடவை புகார் வந்துவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நேற்று எல்லாரும் தின்பண்டம் கொண்டுவந்தோம். லமாரா தங்கள் ஊர் சீஸ் ரொட்டி செய்து எடுத்துவந்தார், இன்னும் சூடு ஆறவில்லை. ஒரு துண்டு தின்றுவிட்டு, வாத்தியாராக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்லா சீஸியா இருக்கு" என்றேன். லமாரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அட்டையோட முன்பக்கமா, பின்பக்கமா?"

"முன்பக்கம், முன்பக்கம்," என்றேன். காது வரை சூடாகிவிட்டது. அப்தி மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

டொரீன் எலுமிச்சை கேக் வில்லைகள் கொண்டுவந்திருந்தாள். நம் ஊரில் கடைசி வில்லைக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். டொரீன் அதில் பாதியை வெட்டி எடுத்தாள். நான் மிச்சத்தில் பாதி எடுத்தேன். நூலகக் காவலர் கார்ல் வந்து அதில் பாதி எடுத்தார். கடைசியில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துணுக்கு மட்டும் தட்டில் கிடந்தது, அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம். லமாரா வந்து அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இதை எதுக்கு விட்டு வெச்சிருந்தீங்க, எலிக்கா?" என்றார்.

வகுப்பு முடிவில் அவரே ஒரு நல்ல கேள்வியும் கேட்டார்.

"எல்லாச் சொல்லுக்கும் ரெண்டு பக்கம் இருந்தா, நம்பறதுக்குன்னு ஒரு சொல்லாவது உண்டா, சார்?"

நான் யோசித்துச் சொன்னேன்: "'ஆமா', 'இல்லை'. இந்த ரெண்டை நம்பலாம். முன்பக்கமும் அதுதான், பின்பக்கமும் அதுதான்."

அதை நோட்டில் எழுதி, அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டார். அவர் கையெழுத்து மிகவும் நேராக இருக்கிறது. ஊரில் ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கிற வேலை செய்தாராம்.

நான் ஒரு டை வாங்கினேன். சாம்பல் நிறம். பழையது நைந்துவிட்டது.

உன் தம்பி,
மில்டன்

*

டூஸான்
நவம்பர் 16, 2017

தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தில் லமாராவுக்கு எத்தனை வரி, பாக்கி ஏழு பேருக்கும் சேர்த்து எத்தனை வரி என்று நீயே எண்ணிப் பார், எண்ணுவதில் கெட்டிக்காரனாயிற்றே. பழைய டை நைந்துவிட்டதாம். அப்பா அடக்கத்துக்கு வாங்கினது. மொத்தம் ஒன்பது தடவை கட்டியிருப்பாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கால அட்டவணை போட்ட பெண்பிள்ளையைக் காக்க வைக்காதே என்று மட்டும் சொல்கிறேன்.

ஆர்லிஸ்

*

டலூத்
டிசம்பர் 6, 2017

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். துறைமுகம் ஓரத்தில் உறையத் தொடங்கிவிட்டது. பனியில் வழுக்காமல் இருக்க வாசலில் மணல் தூவியிருக்கிறேன்.

வகுப்பு நடக்கிறது. நேற்று 'ஸால்ட்டி', 'ஷேடி' இரண்டும் முடித்தோம். ஏழு பேர் வந்தார்கள். போன வாரமும் ஏழு பேர்தான். இரண்டாவது வரிசை ஜன்னலோர நாற்காலியில் இப்போது எல்லாரும் கோட்டுகளைக் குவித்து வைக்கிறார்கள். வசதியாக இருக்கிறது.

நான் இந்த வேலைக்குத் தகுந்தவன்தானா என்பது சந்தேகம். டொரீனிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லலாமா என்று நினைக்கிறேன்.

உனக்கு முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

மில்டன்

*

டூஸான்
டிசம்பர் 13, 2017

மில்டன்,

ரத்த அழுத்தம் எத்தனை என்று எழுதவில்லை. ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அந்த நாற்காலியில் ஏன் கோட்டு இருக்கிறது? எழுத வராவிட்டால் நிலப் பத்திரம் மாதிரி எண் போட்டு எழுது. எனக்கு அவசரம் இல்லை, ஆனால் எழுபத்தெட்டு வயது ஆகிறது.

அக்கா

*

டலூத்
ஜனவரி 21, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரம் தாமதித்ததற்கு மன்னித்துவிடு. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்தொன்று. கடைசிக் கப்பலும் போய்விட்டது, துறைமுகம் வெள்ளையாகக் கிடக்கிறது. நீ சொன்னபடி எண் போட்டே எழுதுகிறேன்.

ஒன்று. நவம்பர் 21, செவ்வாய். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு லமாரா நின்றார். "ஞாயித்துக்கிழமை என் பிறந்த நாள். மகன் ஆட்டுக்கறி வாங்கறான். நீங்க சாப்பிட வாங்க," என்றார். நான், "அய்யோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், வேண்டாம்," என்றேன்.

இரண்டு. அவர், "சிரமம் ஒண்ணும் இல்ல. நீங்க வந்தா எனக்கு சந்தோஷம்," என்றார். நான், "இல்ல இல்ல, ஞாயித்துக்கிழமைன்னா நான் எப்பவும் சூப் வெச்சுக்குவேன்," என்றேன். அதைச் சொல்லும்போதே எந்த டை கட்டுவது, என்ன பூ வாங்குவது என்பதெல்லாம் மனதில் முடிவாகிவிட்டது.

மூன்று. மூன்றாவது இல்லை. "சரி," என்று சொல்லிக் கையுறை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மாட்டினார். பத்து விரலும் முடிவதற்குள் கேட்டுவிடுவார் என்று நான் சிரித்த முகமாகவே நின்றேன். பஸ் வந்துவிட்டது.

நான்கு. ஞாயிற்றுக்கிழமை, ஒருவேளை போனில் கேட்பாரோ என்று டை கட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணி நான்கானதும் டையோடு சூப் குடித்தேன்.

ஐந்து. அடுத்த செவ்வாயிலிருந்து அவர் வரவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தேவாலயத்தில் வியாழக்கிழமை வகுப்பு நடக்கிறது, அங்கே மாறிவிட்டார் என்று டொரீன் சொன்னாள். ஈஸ்டருக்கு டொரான்டோவில் உள்ள மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிடப் போவதாகவும் பேச்சாம்.

நான் என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவேளை சூப்பைப் பற்றிச் சொன்னது தவறோ?

மில்டன்

*

டூஸான்
ஜனவரி 29, 2018

என் அசட்டுத் தம்பிக்கு,

நவம்பர் 8-ம் தேதி நீ எழுதிய கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். 'இல்லை' என்றால் இல்லைதான், முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுதான் என்று நீயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். அவள் கோடு போட்டுப் படித்தாள். இரண்டு வாரம் கழித்து நீ அவளிடம் இரண்டு தடவை இல்லை என்றாய். நல்ல மாணவி, பாடத்தை நம்பினாள். சூப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அவள் பக்கத்தையும் கொஞ்சம் யோசி. என் கடைக்கு அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து எத்தனையோ பெண்கள் வந்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய விதவை ஒரு ஆம்பளையை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நீயோ கையுறையில் விரலை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாய்.

இந்த 'மூன்று தடவை' கணக்கு நம் ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வெர்னின் அம்மாவுக்குத் தெரிந்ததா? எனக்கு நான்கு நாள் பசி. உனக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

போ. பஸ் ஏறிப் போய்க் கேள். "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா", "நேரம் இருந்தா", "சும்மாதான் கேட்டேன்", இதெல்லாம் வேண்டாம். ஒரே வாக்கியம், நாள், மணி, இடம். அவள் கால அட்டவணைக்காரி, அவளுக்குப் புரியும்.

மூன்றாவது தடவைக்காகக் காத்திருப்பவர்கள் டலூத்தில் மட்டும் இல்லை. அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

அக்கா

*

டலூத்
பிப்ரவரி 19, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

ரத்த அழுத்தம் நூற்று முப்பது. நம்பிக்கை இல்லாமல் இரண்டு தடவை பார்த்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. உன் கடிதத்தை ஏழு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன், பிறகு போனேன். நடந்தது இது.

அழைப்பை மூன்று அட்டைகளில் எழுதிக்கொண்டேன். அவர் ஒரு தடவை மறுத்தால் இரண்டாவது அட்டை, இரண்டு தடவை மறுத்தால் மூன்றாவது. ஒரே வாக்கியம் போதும் என்று நீ சொன்னாய். ஆனால் இந்த வயதில் மூன்றில்லாமல் கிளம்ப எனக்குக் கால் வரவில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் பாலத்தைத் தாண்டினேன். வகுப்பு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். கோட்டு மாட்டுகிற இடத்தில் நின்றேன். யாரோ என்னைத் தன்னார்வலர் என்று நினைத்து மூன்று கோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். லமாரா வெளியே வந்து என்னையும் கோட்டுகளையும் பார்த்தார்.

"பஸ் மாறி ஏறிட்டீங்களா?"

"இல்ல. சரியான பஸ்தான்," என்றேன். "வகுப்புல ஒரு பாடத்தைத் தப்பா சொல்லிட்டேன். திருத்திட்டுப் போக வந்தேன். 'இல்லை'க்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு சொன்னேன். எங்க ஊர்ல அப்படி இல்ல. முதல் ரெண்டு தடவை மரியாதைக்குச் சொல்வோம். மூணாவது தடவைதான் நிஜமான பதில்."

லமாரா விரல் விட்டு எண்ணினார்.

"நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா."

"எங்க ஊர்ல ஒரு தடவை கேட்டாலே பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துக்கும். ரெண்டாவது தடவை கேட்டுட்டு, பஸ்ல முகத்தை ஷாலால மூடிக்கிட்டுப் போனேன். மூணாவது ஒண்ணு இருக்குன்னு யாராவது சொல்ல வேண்டாமா?"

"நான்தான் சொல்லியிருக்கணும். நான்தானே வாத்தியார்."

"எங்க பகல் ரயில் அட்டவணையில ஒரு நிலையத்தை இப்படி மறைச்சு வெச்சிருந்தா என் வேலையே போயிருக்கும்." பிறகு, "ஆட்டுக்கறி மூணு நாள் சாப்பிட்டோம். உங்க சூப் எப்படி இருந்தது?"

"ஆறிப் போச்சு. டை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"எதுக்கு டை?"

"மூணாவது தடவை போன்ல கேப்பீங்களோன்னு."

அப்போதுதான் சிரித்தார். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கோட்டுக்காரர்கள் மூன்று பேரும் வந்து அவரவர் கோட்டை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனார்கள். கை காலியானதும் முதல் அட்டையை எடுத்துப் படித்தேன்.

"ஞாயித்துக்கிழமை, பகல் ஒரு மணிக்கு, எங்க வீட்டுக்கு நீங்க சாப்பிட வரணும்."

"வரேன்," என்றார்.

அவ்வளவுதான், அக்கா. நான் அதற்குள் இரண்டாவது அட்டையைப் பையிலிருந்து பாதி உருவிவிட்டேன். முதல் தடவையிலேயே ஒருவர் ஒத்துக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்படியா," என்றேன்.

நேற்று வந்தார். மாட்டிறைச்சியும் காளான் சாறும் கீழே, உருளைக்கிழங்கு மேலே, அம்மா சுடுகிற மாதிரி அடுப்பில் வைத்துச் சுட்டேன். ஓரம் கருகிவிட்டது. லமாரா கருகினதைச் சுரண்டித் தின்றார், அதுதான் ருசி என்றார். நாற்காலியை இழுத்துவிடும்போது அவர் கால் மேல் வைத்துவிட்டேன். பேச்சுக்கு நடுவே எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

"நீங்க ரஸ்டி," என்றார்.

"பின்பக்கமா?" என்று கேட்டேன்.

"பின்பக்கம்தான். துருதானே, தேய்ச்சா போயிடும்."

தட்டில் கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியது. நான் வழக்கப்படி பாதியை வெட்டக் கத்தியை எடுத்தேன். லமாரா கத்தியை வாங்கி வைத்துவிட்டு, முழுத் துண்டையும் தூக்கி என் தட்டில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் பார்த்தார். தின்றுவிட்டேன்.

டொரான்டோவைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோட்டு போட்டுக்கொள்ளும்போது அவரே சொன்னார்:

"ஈஸ்டருக்கு மகள் வீட்டுக்குப் போறேன். ரெண்டு வாரம். திரும்பி வர டிக்கெட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லிட்டேன் மகன்கிட்ட."

"எப்போ சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை காலையில."

வியாழக்கிழமைக்கு அடுத்த நாள். நான் நாட்காட்டியைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இரண்டாவது அட்டையை அவர் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார், அது அடுத்த ஞாயிறுக்காம். செவ்வாய் வகுப்புக்கும் திரும்ப வருகிறார். கோட்டுகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று டொரீனிடம் சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகு மூன்றாவது அட்டை மேஜை மேல் தனியாகக் கிடந்தது. உன் ஜனவரிக் கடிதத்தின் கடைசி இரண்டு வரியை மறுபடி படித்தேன். பிறகு நான் உனக்கு அனுப்பின கடிதங்களின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். 2016-ல் உன்னை இங்கே கூப்பிட்டது ஒன்று. போன ஜூனில் ஒன்று. அக்டோபரில், இனிக் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். நானும் டலூத்காரன்தான். எனக்கே அது உறைக்கவில்லை என்பதை எப்படி மன்னிப்பாய் என்று தெரியவில்லை.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். "இது மூன்றாவது தடவை, கட்டாயம் வர வேண்டும்" என்பது முன்பே எழுதினது. மேலே லமாராவின் பெயரை ரப்பரால் அழித்துவிட்டு உன் பெயரைப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் அழுக்காகத் தெரியும். புது அட்டை எடுத்திருக்கலாம், ஆனால் மூன்றாவது இதுதான்.

உன் தம்பி,
மில்டன்

*

டூஸான்
பிப்ரவரி 27, 2018

என் தம்பி மில்டனுக்கு,

அட்டை வந்தது. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி படித்துவிட்டு, "மூணு தடவை கூப்பிட்டும் நீ போகலையா? கல் நெஞ்சுக்காரிதான்," என்றாள். அவளுக்கு என்ன விளக்கிச் சொல்வது.

முட்டி போன ஆகஸ்டிலேயே சரியாகிவிட்டது. ஐம்பத்தொரு வருடம் இந்தப் பாலைவனத்தில் இருந்து, வேணும் என்றால் வேணும் என்று சொல்லப் பழகிவிட்டேன். கறிக்கடையில் சொல்வேன், வங்கியில் சொல்வேன். உன்னிடம் மட்டும் வரவில்லை. உனக்கு அறிவுரை எழுதிய கையும் அதே கைதான்.

கம்பளிக் கோட்டை அக்டோபரில் சலவைக்குப் போட்டேனே, பூச்சிக்காக அல்ல. நாற்பது டிகிரி வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது சலவைக்கடைக்காரர், "எங்கே பயணம்?" என்றார். "தம்பி இன்னும் கேக்கலை," என்றேன். அவருக்குப் புரியவில்லை. அன்று முதல் அது கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு டலூத்தில் இறங்குகிறேன். இதை அப்படியே லமாராவிடம் காட்டு, கால அட்டவணைக்காரி மதிப்பாள். அவள் சீஸ் ரொட்டி எனக்கு வேணும் என்றும் சொல். பார்த்தாயா, எழுதிவிட்டேன்.

நீ விமான நிலையத்துக்கெல்லாம் வர வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம், நான் டாக்சி பிடித்து வந்துவிடுகிறேன்.

உன் அக்கா,
ஆர்லிஸ்

பி.கு. விமான நிலையம் பற்றி மேலே எழுதியிருப்பது முதல் தடவை. எண்ணிக்கொள்.